செத்துப் பிழைத்த எட்டுப் பேர்

பைபிளில் செத்துப் பிழைத்தவர்கள் யார் யார் என்று கேட்டால் எல்லோர் வாயிலும் சட்டென்று வருவது லாசரு. கொஞ்சம் யோசித்தால் யவீருவின் மகள். சர்ச்சுக்கு ஒழுங்காகப் போகிறவர்கள் நாயீன் ஊர் விதவையின் மகனையும் சேர்த்துச் சொல்வார்கள். தனித்தனி ஆட்களாக எண்ணினால் மொத்தம் எட்டுப் பேர். இயேசுவின் உயிர்த்தெழுதலை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அது வேறு லெட்ஜர். கல்லறைகள் திறந்து பரிசுத்தவான்கள் பலர் எழுந்து எருசலேமுக்குள் போனார்கள் என்று மத்தேயு மட்டும் சொல்கிறாரே, அவர்களையும் சேர்க்கவில்லை. எத்தனை பேர் என்று எழுதாத வவுச்சரை நான் பாஸ் பண்ணுவதில்லை (இருபது வருட பேங்க் உத்தியோகம், புத்தி அப்படித்தான் போகும்).

இந்தக் கணக்கை ஆரம்பித்தது நானில்லை, என் மகன். பதிமூன்று வயசு. இங்கே மஸ்கட்டில் சண்டே ஸ்கூல் வெள்ளிக்கிழமை நடக்கும். வெள்ளிதான் லீவு என்பதால் ஞாயிறும் வெள்ளிக்கு வந்துவிடும். அங்கே கொடுத்த வீட்டுப்பாடத்துக்காக இந்த எட்டுக் கதையையும் எக்செல் ஷீட்டில் போட்டுக்கொண்டு வந்து, "அப்பா, இது ஒண்ணுக்கொண்ணு டேலி ஆகல" என்றான். டேலி ஆகவில்லை என்றால் எங்கள் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். அதில் கிடைத்ததைத்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதுவதற்கான காரணம் அவன் வீட்டுப்பாடம் மட்டுமில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர் விஷயத்தைத் தீர்த்துவிடுவோம். எங்கள் அப்பா வீடு இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். சி.எஸ்.ஐ. குடும்பம். அம்மா வீடு பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை பக்கம். லத்தீன் கத்தோலிக்கத் தமிழர்கள். (அந்தப் பகுதித் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கோயமுத்தூர் மறைமாவட்டத்தில் இருந்தார்கள். 2013 டிசம்பரில்தான் சுல்தான்பேட்டை என்று தனி மறைமாவட்டம் வந்தது.) ஆக வீட்டில் இரண்டு பைபிள். அப்பாவுடையதில் 66 புத்தகம், அம்மாவுடையதில் 73. அப்பாவுக்கு லாசரு, யவீரு, நாயீன், ஐத்திகு. 1995இல் பொது மொழிபெயர்ப்பாக வந்த திருவிவிலியம் வைத்திருந்த அம்மாவுக்கு இலாசர், யாயிர், நயின், யூத்திகு. சின்ன வயதில் இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள் என்றே தங்கச்சி நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அப்பா வீட்டுப் பெயர்களிலேயே எழுதுகிறேன். அம்மா மன்னிக்கவும்.

மூன்றாவதாகப் பக்கத்து வீட்டுப் பைபிளும் ஒன்று உண்டு. மத்தியத் திருவிதாங்கூரிலிருந்து மலையேறி வந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் அவர்களுக்குக் கொழுக்கட்டை சனி. லாசருவின் சனிக்கிழமை என்றும் சொல்வார்கள். அரிசி மாவுக்குள் தேங்காயும் வெல்லமும் வைத்து அவித்த கொழுக்கட்டை ஒரு தூக்கு நிறைய எங்கள் வீட்டுக்கும் வரும். இயேசு பெத்தானியாவுக்கு வந்தபோது மார்த்தாளும் மரியாளும் அவசரமாகச் செய்து கொடுத்த பலகாரம் இது என்பார் அந்த வீட்டு அம்மச்சி. தமிழ்நாட்டில் பிள்ளையாருக்குப் போகும் கொழுக்கட்டை, பீர்மேட்டு மலையில் லாசருவுக்குப் போகிறது. லாசரு கதையை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, தின்று தெரிந்துகொண்டேன்.

சரி, எட்டுப் பேரின் பட்டியல்:

1. சாறிபாத் ஊர் விதவையின் மகன். எழுப்பியவர் எலியா.

2. சூனேம் ஊர்ப் பணக்கார அம்மாவின் மகன். வயலில் தலைவலி என்றான், மத்தியானம் அம்மா மடியில் போய்விட்டான். எழுப்பியவர் எலிசா.

3. பெயர் தெரியாத ஒரு பிணம். எலிசா செத்துப் புதைத்த பிறகு, அவர் எலும்பில் பட்டு எழுந்தது.

4. யவீருவின் மகள், 12 வயது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் சொல்கிறார்கள்.

5. நாயீன் விதவையின் ஒரே மகன். லூக்கா மட்டும் சொல்கிறார்.

6. லாசரு. யோவான் மட்டும் சொல்கிறார்.

7. தபீத்தாள். யோப்பாவில் ஏழை விதவைகளுக்குத் துணி தைத்துக் கொடுத்தவர். எழுப்பியவர் பேதுரு.

8. ஐத்திகு என்ற வாலிபன். பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போக, மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி விழுந்தவன். (நம் ஊர் கன்வென்ஷன் கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு இவன் மேல் தனிப் பாசம் வரும். உயிர் வந்த பிறகும் பவுல் விடியும்வரை பேசினார் என்பதையும் கவனிக்கவும்.)

டேலி ஆகாத இடங்கள் எவை?

யவீருவை எடுத்துக்கொள்வோம். மாற்கில் அவர் வந்து, மகள் சாகக் கிடக்கிறாள் என்கிறார். லூக்காவிலும் அப்படித்தான். வழியில் பன்னிரண்டு வருடம் நோயாளியாக இருந்த ஒரு பெண் குறுக்கிட, நேரமாகிறது. அதற்குள் வீட்டிலிருந்து ஆள் வந்து, பிள்ளை போய்விட்டது, இனி போதகரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்கிறான். மத்தேயுவில் இந்த ஆளே கிடையாது. அப்பன் வரும்போதே மகள் இப்போதுதான் செத்தாள் என்று சொல்லிக்கொண்டு வருகிறார். அவருக்குப் பெயரும் இல்லை. மாற்கில் இந்தக் கதை 23 வசனம், லூக்காவில் 17, மத்தேயுவில் 9. மத்தேயு சுருக்கி எழுதியிருக்கிறார், அதனால் இரண்டு கட்டத்தை ஒன்றாக்கிவிட்டார் என்பது வழக்கமான விளக்கம். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. ஆனாலும் மகள் சாகக் கிடக்கும்போது ஓடிவருகிற அப்பனும், செத்த பிறகு வருகிற அப்பனும் ஒன்றில்லை. பெற்றவர்களுக்கு இது தெரியும்.

அடுத்தது, அவள் செத்தாளா என்பதே. பிள்ளை சாகவில்லை, தூங்குகிறாள் என்று இயேசு சொல்ல, வீட்டில் இருந்தவர்கள் சிரிக்கிறார்கள். ஐத்திகுவைச் செத்தவனாகத் தூக்கினார்கள் என்று எழுதியவர் சொல்கிறார். அதே இடத்தில் பவுல், இவனுக்கு உயிர் இருக்கிறது என்கிறார்.

லாசரு கணக்கு இன்னும் சிக்கல். நான்கு நாள் ஆன பிணம். எருசலேமுக்குப் பக்கத்து ஊர். சாட்சிக்குக் கூட்டம். யோவான் சொல்கிறபடி பார்த்தால் இயேசுவைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று முடிவெடுக்க வைத்ததே இந்தச் சம்பவம்தான். லாசருவையும் சேர்த்துக் கொல்ல யோசித்தார்களாம். இவ்வளவு பெரிய விஷயம், மற்ற மூன்று பேர் வாயே திறக்கவில்லை. நாயீன் கதையைப் பற்றி லூக்காவைத் தவிர யாரும் மூச்சுவிடவில்லை.

அப்புறம் 'முதல்' பிரச்சினை. மரித்தோரிலிருந்து முதலில் எழுந்தவர் கிறிஸ்து என்று அப்போஸ்தலர் நடபடிகள் 26இலும் 1 கொரிந்தியர் 15இலும் பவுல் சொல்கிறார். எலியா காலத்துப் பையன் பல நூறு வருடம் முன்னால் எழுந்துவிட்டானே! இதற்குப் பதில் உண்டு. அந்த எட்டுப் பேரும் திரும்ப வந்து, வயசாகி, மறுபடி செத்தார்கள். மறுபடி சாகாமல் எழுந்தவர் ஒருவர்தான், அதனால் அவர் முதல். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால் அடுத்த கேள்வி வரும். மனுஷனுக்கு ஒரே தடவைதான் சாவு என்று எபிரெயர் 9 சொல்கிறதே, இந்த எட்டுப் பேருக்கு இரண்டு தடவை ஆகிறதே?

ஈஸ்டர் காலைக்கே நான்கு பேரும் நான்கு விதம். கல்லறைக்குப் போன பெண்கள் மத்தேயுவில் இரண்டு, மாற்கில் மூன்று, லூக்காவில் அதற்கும் மேல். யோவானில் முதலில் வருவது மகதலேனா மரியாள் ஒருத்திதான்.

பி.காம். படித்தவர்களுக்குப் பேங்க் ரீகன்சிலியேஷன் ஸ்டேட்மென்ட் ஞாபகம் இருக்கும். கடைக்காரர் எழுதும் கேஷ்புக் ஒன்று, பேங்க் எழுதும் பாஸ்புக் ஒன்று. ஒரே கணக்குதான், மாதக் கடைசியில் இரண்டும் பொருந்தாது. இவர் கொடுத்த செக் இன்னும் பேங்குக்கு வரவில்லை. பேங்க் பிடித்த சார்ஜ் இவருக்கு இன்னும் தெரியாது. பொருந்தவில்லை என்பதால் யாரும் திருடன் ஆகிவிட மாட்டார்கள். இரண்டு புத்தகமும் தினமும் பைசா சுத்தமாகப் பொருந்தினால்தான் ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பானோ என்று. மகனுக்கு முதலில் இதைத்தான் சொன்னேன். அதோடு விட்டிருந்தால் அது பாதிப் பதில். ரீகன்சிலியேஷனில் காரணம் எழுதிக் காட்ட முடியாத வித்தியாசமும் சில சமயம் நிற்கும். அதை அப்படியே காட்டி வைக்க வேண்டும், தள்ளிவிடக் கூடாது.

இந்த வித்தியாசங்களை ஒரேயடியாகத் தீர்த்துவிடப் பார்த்த ஒருவர் உண்டு. தாத்தியான் என்று பெயர், சிரியா பக்கத்துக்காரர். கி.பி. 170 வாக்கில் நான்கு சுவிசேஷங்களையும் வெட்டி ஒட்டி ஒரே கதையாக்கினார். தியாதெசரோன் என்பார்கள். சிரியாக் மொழி பேசிய சபைகளில் அது நெடுநாள் ஓடியது. இடுக்கியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்களின் பூசை வழிமுறை வந்தது அந்த மொழியிலிருந்துதான். கடைசியில் 5ஆம் நூற்றாண்டில் தெயோதொரேத்து என்ற ஆயர் தன் மறைமாவட்டத்தில் மட்டும் அந்தப் புத்தகத்தின் 200க்கு மேற்பட்ட பிரதிகளை ஒதுக்கிவிட்டு, தனித்தனி நான்கு சுவிசேஷங்களைத் திரும்பக் கொண்டுவந்தார். பொருந்துகிற ஒன்றை விட்டுவிட்டுப் பொருந்தாத நான்கைச் சபை வைத்துக்கொண்டது. ஆடிட்டர் மனசுக்கு ஆச்சரியமான விஷயம்.

நம் தமிழ்க் கடற்கரையிலும் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர், காயல்பட்டினம் பக்கத்துக் கொம்புத்துறையில் கிணற்றில் விழுந்து செத்த சிறுவனை எழுப்பினார் என்பது பழைய கதை. 1622இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது செத்தவர்களை எழுப்பியது பற்றிய சாட்சிகள் பெரிதாகப் பேசப்பட்டன. ஆனால் அவரே எழுதிய கடிதங்களில் செத்தவரை எழுப்பினேன் என்று ஒரு இடத்திலும் இல்லை. நண்பர்கள் நேரில் கேட்டபோது வெட்கப்பட்டு மறுத்தார், செத்ததாக நினைத்துக் கொண்டுவந்த பையன் எழுந்துகொண்டான் என்ற அளவில்தான் சொன்னார் என்று ஆரம்பகால வரலாறுகள் சொல்கின்றன. செய்ததாகச் சொல்லப்பட்டவர் கூச்சப்படுகிறார், கேட்டவர்கள் பெரிதாக்குகிறார்கள். பெரிதாக்கிச் சொல்வதற்கு நாளாகும் என்று நினைக்க வேண்டாம், அவர் உயிரோடு இருக்கும்போதே பேச்சு ஓட ஆரம்பித்திருக்கிறது.

இனி இதை ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

என் அத்தைக்கு (அப்பாவின் அக்கா) ஒரு மகன் இருந்தான். என்னைவிட ஒரு வயசு மூத்தவன். 1996 மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல். ஜீப்பில் போட்டு மலையிறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டான். பதினேழு வயசு. லயத்து வீட்டில் கொண்டுவந்து கிடத்தினார்கள். அத்தை அழவில்லை. பக்கத்து லயத்துப் பையனைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து, டவுனுக்குப் போய் பெட்டிக்குச் சொல்லிட்டு வா என்று அனுப்பினார். எஸ்டேட்டில் மழைக்காலத்தில் சாவு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெட்டி. அது கிடைக்க நேரமாகும்.

அன்று சாயங்காலம் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வந்தார். யாரோ கூட்டி வந்தது. பிணத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டு ராத்திரி முழுக்க ஜெபம். சூனேம் ஊர் அம்மா மகனைப் பறிகொடுத்த பிறகும் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றே சொன்னாள், அதனால் மகன் கிடைத்தான், நீயும் அப்படிச் சொல்லு என்று அத்தையிடம் சொன்னார். வீட்டில் ஒருத்தர்கூடச் சந்தேகப்படக் கூடாது, சந்தேகப்படுகிறவர்கள் வெளியே போய்விடுங்கள் என்றார். மறுநாள் மத்தியானம்வரை எடுக்க விடவில்லை. பிறகு சபை மூப்பர்கள் வந்து பேசி, மழையிலேயே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். கிளம்பும்போது அவர் சொன்ன வார்த்தை: "இந்த வீட்டில் யாரோ ஒருத்தருக்கு அவிசுவாசம் இருந்திருக்கு."

அந்த யாரோ ஒருத்தர் நான்தான் என்று அத்தை முடிவு செய்துகொண்டார். "பெட்டிக்கு ஆள் அனுப்புனது நான்தானே" என்பார். கொளுந்து கிள்ளும்போது, ரேஷன் கடை வரிசையில், கல்யாண வீட்டில், திடீரென்று இந்த ஒரு வாக்கியம் வரும். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இந்த வாக்கியம் அவரோடு இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம், பிள்ளையைத் திரும்பி வரவிடாமல் செய்தது நான்தான் என்கிற எண்ணம் இன்னொரு பக்கம். முதலாவதை யாராலும் மாற்ற முடியாது. இரண்டாவது, ஒரு மனுஷன் ஒரு கதையை மட்டும் எடுத்து அதிலிருந்து சர்க்குலர் தயார் பண்ணியதால் வந்தது.

பேங்க் சர்க்குலர் எப்படி இருக்கும் தெரியுமில்லையா? தகுதி இது, இணைக்க வேண்டிய ஆவணம் இது, எல்லாம் சரியாக இருந்தால் லோன் சாங்ஷன், ஒன்று குறைந்தால் ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனால் தப்பு விண்ணப்பதாரர் மேல். இந்த எட்டுக் கதையிலிருந்து அப்படி ஒரு சர்க்குலர் போட முடியுமா என்று மகனும் நானும் எக்செல் ஷீட்டில் ஒரு காலம் சேர்த்துப் பார்த்தோம். தலைப்பு: 'யார் கேட்டார்கள், யார் நம்பினார்கள்?'

சாறிபாத் விதவை கேட்கவில்லை. நம்பவும் இல்லை. என் பாவத்தை நினைப்பூட்டி என் பிள்ளையைக் கொல்லத்தான் வந்தாயா என்று எலியாவைத் திட்டுகிறாள். பிள்ளை கிடைக்கிறது.

சூனேம் அம்மா உறுதியாக இருந்தாள், உண்மைதான். ஆனால் எலிசா முதலில் தன் தடியைக் கேயாசியிடம் கொடுத்து அனுப்பி, பிள்ளை முகத்தில் வைக்கச் சொன்னார். வைத்தார், ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் விசுவாசம் அப்போதும் அதே விசுவாசம்தானே? எலிசாவே வந்து, ஒரு தடவை படுத்து, எழுந்து நடந்து, மறுபடி படுத்த பிறகுதான் பையன் ஏழு தடவை தும்மினான்.

எலும்பில் பட்டு எழுந்தவனுக்கு யாருமே ஜெபிக்கவில்லை. கொள்ளைக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து பிணத்தை அந்தக் குழியில் போட்டார்கள், அவ்வளவுதான்.

யவீருவிடம் மட்டும் பயப்படாமல் நம்பு என்று சொல்லப்படுகிறது. வீட்டில் இருந்தவர்களோ சிரித்தார்கள். சிரித்த வீட்டில்தான் பெண் எழுந்தாள்.

லாசருவின் சகோதரிகள் சொல்லி அனுப்பினார்கள். அவர் உடனே வரவில்லை, இருந்த இடத்திலேயே இரண்டு நாள் கூட இருந்தார். கல்லை எடுங்கள் என்றபோது மார்த்தாள் தடுக்கிறாள், நாலு நாளாச்சு, நாற்றம் எடுக்குமே என்று. அவளும் பெட்டிக்கு ஆள் அனுப்பின கட்சிதான்.

தபீத்தாளைக் குளிப்பாட்டி மேல்வீட்டில் கிடத்திய பிறகுதான் பேதுருவுக்கு ஆள் போகிறது. ஐத்திகு விஷயத்தில் கேட்பதற்கு நேரமே இல்லை.

நாயீன் கதைதான் எல்லாவற்றுக்கும் மேல். ஏழே வசனம். ஊர் வாசலில் பாடை வந்துவிட்டது. அம்மா பின்னால் அழுதுகொண்டு வருகிறாள். அவள் இயேசுவைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் யார் என்று தெரிந்திருந்ததாகவும் இல்லை. அவளைப் பார்த்ததும் அவருக்கு மனசு உருகியது, பாடையைத் தொட்டார், பையன் எழுந்து பேசினான், அம்மாவிடம் கொடுத்தார். எந்த ஆவணமும் இல்லாமல் சாங்ஷன்.

ஆக எட்டுக் கதையும் ஒரு விதிக்குள் வரவில்லை. ஒன்று நிபந்தனை வைத்தால் அடுத்தது அந்த நிபந்தனையை உடைக்கிறது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை, பாதுகாப்பாகத் தெரிகிறது. எல்லாம் ஒரே மாதிரி இருந்திருந்தால் அந்த ஊழியக்காரர் சொன்னதற்கு ஆதாரம் இருந்திருக்கும். செத்தவர்களை எழுப்புங்கள் என்று சீஷர்களை அனுப்பியதாக மத்தேயு 10 சொல்கிறது. அவர் பிடித்துக்கொண்ட வசனங்களில் அதுவும் ஒன்று. அதே அனுப்புதலை மாற்கும் லூக்காவும் எழுதும்போது அந்தச் சொற்கள் இல்லை. போன சீஷர்கள் அந்தப் பயணத்தில் யாரையாவது எழுப்பினார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை.

பட்டியலில் வராதவர்களையும் பார்க்க வேண்டும். யோவான் ஸ்நானகனின் தலை போனது, சீஷர்கள் உடலை எடுத்து அடக்கம் பண்ணினார்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள், பெரிய புலம்பலோடு அடக்கம். யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டினார்கள், அதே அதிகாரத்தில் பேதுரு சிறையிலிருந்து தப்பி வருகிறார். இவர்களுக்கா விசுவாசம் பத்தவில்லை? எபிரெயர் 11இல் 35ஆம் வசனம் என்று ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதியில், செத்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்ற பெண்கள். மறு பாதியில், வதைக்கப்பட்டுத் தப்பிக்காமல் செத்தவர்கள். கொஞ்சம் தள்ளி, இவர்கள் எல்லோருமே விசுவாசத்தில் பேர் வாங்கியவர்கள் என்று வருகிறது. ஒரே வசனம், ஒரே விசுவாசம், இரண்டு முடிவு.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது இதெல்லாம் மறுபடி ஞாபகம் வந்தது. 70 பேர். எல்லாம் நம் எஸ்டேட் தமிழ் ஜனங்கள். 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. தப்பியவர்களும் உண்டு. ஒரு சுவர் இந்தப் பக்கம் விழுந்ததா அந்தப் பக்கம் விழுந்ததா என்பதுதான் வித்தியாசம். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டதாக லூக்கா எழுதியிருக்கிறார். இல்லை என்று பதிலையும் அவரே சொல்கிறார். கிடைக்காத அந்த நான்கு பேரின் வீட்டுக்காரர்களிடம் விசுவாசக் கணக்கு பேசுகிறவன் அந்தப் பக்கத்தைப் புரட்டாதவன்.

எட்டுக் கதையும் ஒத்துப்போகிற இடம் ஒன்று இருக்கிறதா என்றும் தேடினோம். பெரும்பாலும் ஒத்துப்போவது, எழுந்தவரை யாரோ ஒருவர் கையில் கொடுப்பது. எலியா பையனை மாடியிலிருந்து இறக்கி அம்மாவிடம் கொடுக்கிறார். உன் பிள்ளையை எடுத்துக்கொள் என்கிறார் எலிசா. நாயீனில் அம்மாவிடம். யோப்பாவில் அழுதுகொண்டு நின்ற விதவைகளிடம். யவீரு வீட்டில், இவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்கிறார். செத்துப் போய் எங்கே இருந்தாய், என்ன பார்த்தாய் என்று ஒருவரையும் யாரும் கேட்டதாக எழுதியில்லை. கதை முழுக்க இருக்கிறவர்கள் பக்கமே நிற்கிறது. அழுகிறவர்களைப் பார்த்து எழுதிய கதைகளைக் கொண்டு அழுகிறவர்களை அடிக்கக் கூடாது.

அத்தைக்கு இப்போது எழுபத்தைந்து நெருங்குகிறது. எஸ்டேட் வேலை முடிந்ததும் கீழே இறங்கி, கம்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். 1996க்குப் பிறகு அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் கொடுத்தது எங்கள் அம்மாதான். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு அம்மா மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு, "வாங்க அண்ணி, சும்மா போய்ப் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டிக்கொண்டு போவார். செத்தவர்களுக்காக ஜெபிப்பது சி.எஸ்.ஐ. வழக்கமில்லை. அம்மாவின் பைபிளில் மக்கபேயர் புத்தகம் இருக்கிறது, ஏழு மகன்களையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஒரு அம்மா அதில் வருகிறாள். அத்தையின் பைபிளில் அது கிடையாது. இரண்டு பைபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி அந்த இரண்டு பெண்களும் விவாதம் செய்ததே இல்லை. ஒருத்தர் மெழுகுவர்த்தி ஏற்றுவார், இன்னொருத்தர் காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டு நிற்பார்.

போன லீவில் கம்பம் போனபோது லூக்கா 7ஐ அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண் சரியாகத் தெரிவதில்லை, அதனால் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். முடித்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அந்தப் பொம்பள ஒண்ணுமே கேக்கலியாப்பா?"

"இல்ல அத்தை. ஒண்ணுமே கேக்கல."

"பாடைய எடுத்துட்டாங்களா?"

"ஊர் வாசலுக்கே வந்துருச்சு அத்தை."

"அப்ப அவளும் எல்லா ஏற்பாடும் பண்ணித்தான் வச்சிருந்திருக்கா."

"ஆமா அத்தை."

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு கேட்டார்: "இந்தக் கத அந்த ஊழியக்காரருக்குத் தெரியாதா?"

தெரிந்திருக்கும் என்றேன். பெறகு ஏன் சொல்லல என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒரு நாள் வந்து, இது அதோடு ஒத்துப்போகவில்லையே என்று கேட்பார்கள். வெளிநாட்டில் வளர்கிற பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அவசரப்பட்டு டேலி பண்ணிக் கொடுக்காதீர்கள். எல்லாக் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அவர்களும் ஒரு சாவு வீட்டுக்குப் போவார்கள், அங்கே பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு கதையை மட்டும் தெரிந்துகொண்டு அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது.